பிரடெரிக் நிக்கல்சன்

சர் பிரடெரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் (1846 – 1936) என்பவர் பிரித்தானிய இந்தியாவின் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆட்சிப்பணி அலுவலர் ஆவார். இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராகவும், சென்னை மாகாண மீன்வளத் துறையின் நிறுவனராகவும் இவர் அறியப்படுகிறார். கூட்டுறவுப் பாடநூல்களில் இவரது பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால், கடற்கரையில் அழுகி வீணாகிய மீனையும் மீன் கழிவையும் எண்ணெயாகவும் எருவாகவும் சோப்பாகவும் மாற்றும் சிறுதொழில்களை அவர் தோற்றுவித்த வரலாறு அந்த அளவுக்கு அறியப்படவில்லை. அவரது வாழ்வின் நெடிய பகுதி, அதிலும் ஓய்வு பெற்ற பின்னைய பகுதி, இத்தொழிலிலேயே கழிந்தது.

ஆட்சிப்பணி

நிக்கல்சன் 1869ஆம் ஆண்டில் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். மாகாணத்தின் பல மாவட்டங்களில் வருவாய்த் துறைப் பொறுப்புகளை வகித்தார். அக்காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நிலம், நீர்ப்பாசனம், மக்கள், வரி ஆகியவை பற்றிய கையேடு ஒன்றைத் தொகுக்கும் வழக்கம் இருந்தது. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை நிக்கல்சன் தொகுத்தார். அது 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. கிணற்றுப் பாசனம், உழவரின் கடன், காலநடைகள் ஆகியவற்றைப் பற்றி அதில் அவர் எழுதியுள்ள பகுதிகள் கொங்கு நாட்டின் பொருளியல் வரலாற்றை ஆராய்வோருக்கு இன்றும் பயன்படுகின்றன. பின்னர் இவர் மாகாண வருவாய் வாரியத்தின் உறுப்பினராக உயர்ந்தார். 1901ஆம் ஆண்டின் இந்தியப் பஞ்ச ஆணையத்திலும் உறுப்பினராக இருந்தார்.

1876 – 1878 காலத்தின் பெரும் பஞ்சத்தை நேரில் கண்ட தலைமுறை அலுவலர்களுள் இவரும் ஒருவர். தாது வருடப் பஞ்சம் என்று தமிழகத்தில் அழைக்கப்படும் அப்பஞ்சம் சேலம், கோயம்புத்தூர் போன்ற உள்நாட்டு வறண்ட மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. இன்றைய தருமபுரி மாவட்டம் அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. மழை பொய்த்தால் உழவனிடம் உணவும் இல்லை, கடன் பெற வழியும் இல்லை என்ற நிலையே நிக்கல்சனின் பின்னாளைய இரு பெரும் பணிகளுக்கும் பின்புலமாக அமைந்தது எனலாம். ஒன்று கடன் பற்றியது. மற்றது உணவு பற்றியது.

கூட்டுறவு அறிக்கை

1892ஆம் ஆண்டில் சென்னை அரசு, மாகாணத்தில் நில வங்கிகளையும் வேளாண் வங்கிகளையும் தொடங்க இயலுமா என ஆராயும் பணியை நிக்கல்சனிடம் ஒப்படைத்தது. அவர் ஐரோப்பிய நாடுகளின் கடன் சங்கங்களை ஆராய்ந்து, தமது அறிக்கையை 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அளித்தார். சென்னை மாகாண உழவர்களின் கடன் சுமை 45 கோடி ரூபாய் என்று அதில் அவர் மதிப்பிட்டார். அன்றைய பண மதிப்பில் அது மிகப் பெரிய தொகையாகும்.

செருமனியின் இரைபைசன் என்பவர் சிற்றூர் மக்களைக் கொண்டே அமைத்த கடன் சங்க முறை நிக்கல்சனைப் பெரிதும் கவர்ந்தது. ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஆதலால், ஒருவரின் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்க முடியும் என்பதே அம்முறையின் அடிப்படை. சட்டத்தை விட மனிதரே முதன்மையானவர் என்பதும், இரைபைசனைப் போன்ற ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே முதல் வேலை என்பதும் அறிக்கையின் முடிவாக அமைந்தன. சென்னையில் ஏற்கனவே இயங்கிவந்த நிதிகளையும் அவர் விரிவாக ஆராய்ந்தார். வெளிநாட்டு முறையைப் புகழ்ந்தாலும் உள்ளூரில் இருப்பதை முதலில் பார்ப்பது அவரது இயல்பு. இதே இயல்பை மீன்வளப் பணியிலும் காணலாம்.

அறிக்கை வெளிவந்தபோது சென்னை அரசு அதன்மேல் உடனடியாகச் செயற்படவில்லை. எனினும் பஞ்ச ஆணையமும், எட்வர்டு லா தலைமையிலான குழுவும் அதே திசையில் பரிந்துரைத்த பின்னர், 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் மாகாணத்தின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு செய்யப்பட்டது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. விற்பனை, உற்பத்தி ஆகியவற்றுக்கான சங்கங்கள் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இயன்றன. மீனவர்களைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு முக்கியமானது. மீனவனுக்குக் கடனை விட, பிடித்த மீனை அழுகும் முன் விற்பதே பெரிய சிக்கலாகும்.

மீன்வளத் துறை

நிக்கல்சன் 1904ஆம் ஆண்டளவில் பணி ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே மாகாணத்தின் மீன்வளத்தை ஆராயும் சிறப்புப் பணி அவருக்கு அளிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது. இப்பணியின் பகுதியாக அவர் சப்பான் சென்று அந்நாட்டு மீன்பிடித் தொழிலையும் வேளாண்மையையும் பார்வையிட்டார். சப்பானின் மீன்பிடித் தொழில் பற்றிய அவரது குறிப்பு 1907ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் மீன்வளப் பிரிவு நிறுவப்பட்டது. இந்தியாவில் மீன்வளத்துக்கெனத் தோன்றிய தொடக்ககால அரசு அமைப்புகளுள் இது ஒன்றாகும். நிக்கல்சன் இதன் மதிப்புறு இயக்குநராக 1918ஆம் ஆண்டு வரை பணிபுரிந்தார். அவருக்குப் பின் இயக்குநரான சேம்சு ஓர்னெல், முத்து, சங்கு, மரக்கலங்கள் பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்றவர். அவரைத் துறைக்குக் கொண்டுவந்ததும் நிக்கல்சன் காலத்திலேயே ஆகும்.

இதற்கு முன்னரும் சென்னையில் மீன் பற்றி ஆராய்ந்தோர் உண்டு. பிரான்சிசு டே என்ற மருத்துவர் 1870களில் இந்தியக் கடல் மீன்கள் குறித்து எழுதியதோடு, மீனவர்களுக்கு வரியில்லாத உப்புக் கிடைக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அதன் விளைவாகக் கடற்கரையில் அரசு மீன் உப்பிடும் முற்றங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் அவற்றை உப்புத் துறையே நடத்தியது. உப்பு வரி ஏய்க்கப்படாமல் காப்பதே அத்துறையின் கவலை. கருவாட்டின் தரம் யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை.

அழுகலும் நொதியமும்

நிக்கல்சனின் பணியைப் புரிந்துகொள்ள, மீன் ஏன் இவ்வளவு விரைவாகக் கெடுகிறது என்பதை அறிதல் வேண்டும். மீனின் இரைப்பை, குடல், அவற்றை ஒட்டிய செரிமான உறுப்புகள் ஆகியவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதியங்கள் உள்ளன. மீன் உயிருடன் இருக்கும்போது இவை இரையைச் செரிக்கின்றன. மீன் இறந்த பின்னரும் இவை தம் வேலையை நிறுத்துவதில்லை. இரை இல்லாத நிலையில் மீனின் குடலையும் வயிற்றுச் சதையையுமே கரைக்கத் தொடங்குகின்றன. நிறைய இரை உண்ட நிலையில் பிடிபட்ட மத்தி, சில மணி நேரத்திலேயே வயிறு வெடித்துப் போவதற்குக் காரணம் இதுவே. இதன் பின்னர் நுண்ணுயிர்கள் எளிதில் நுழைந்து அழுகலை முடித்துவைக்கின்றன. வெப்பமான கடற்கரையில் இவை யாவும் மிக விரைந்து நிகழும். குடலை நீக்குதல், உப்பிடுதல், வேகவைத்தல் ஆகியவை நொதியத்தின் செயலை வெவ்வேறு வழிகளில் தடுக்கும் முறைகளாகும்.

மலபார், தென் கன்னடக் கடற்கரைகள் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. அங்கு மத்தி மீன் (தமிழகக் கடற்கரையில் சாளை எனப்படுவது) சில ஆண்டுகளில் அளவின்றிக் கிடைக்கும். ஒரே நாளில் கரைக்கு வந்து குவியும் மீனை உண்ணவோ உப்பிடவோ இயலாத நிலையில், அதை மணலில் பரப்பிக் காயவைத்து எருவாக விற்றனர். மணல் கலந்த அந்த எருவுக்கு விலை குறைவு. எண்ணெய் எடுப்போர் மீனைத் தொட்டிகளிலும் பழைய தோணிகளிலும் இட்டுப் பல நாட்கள் அழுகவிட்டனர். சதை கரைந்தபின் மேலே மிதக்கும் எண்ணெய் வழித்தெடுக்கப்பட்டது. உண்மையில் இது, மீனின் சொந்த நொதியங்களையும் நுண்ணுயிர்களையும் கொண்டு செய்யப்பட்ட ஒருவகைத் தொழில்முறையே. ஆனால் எவ்விதக் கட்டுப்பாடும் இல்லாததால் எண்ணெய் கறுத்துத் துர்நாற்றம் வீசியது. புரதத்தின் பெரும்பகுதி நீரோடு கழிந்தது. கடற்கரை ஊர்கள் வாழத் தகாதவையாயின.

மீனெண்ணெயும் மீன் எருவும்

சப்பானிய மீனவர்கள் மத்தி மீனை வேகவைத்துப் பிழிந்து எண்ணெயையும் எருவையும் தனித்தனியே பெறுவதை நிக்கல்சன் அறிந்திருந்தார். பெரிய இயந்திரங்கள் எவையும் இதற்குத் தேவைப்படவில்லை. மலபாரில் அவர் சோதித்துப் பார்த்த முறையும் எளிமையானது. புதிய மீனைத் திறந்த கொப்பரைகளில் நீரில் வேகவைத்தல். வெந்ததைக் கயிற்றுப் பைகளில் இட்டுத் திருகு அழுத்தியில் பிழிதல். வழியும் நீரைத் தொட்டியில் தெளியவிட்டு மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்தல். எஞ்சிய சக்கையைத் தூய தரையில் உலர்த்துதல். கொதிக்கும் நீரில் நொதியங்கள் செயலிழப்பதால் சதை கரையாமல் நிற்கும். எண்ணெய் வெளிர் நிறத்துடன் கிடைக்கும். தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த சக்கை, மீன் குவானோ என்ற பெயரில் நல்ல விலைக்கு விற்கப்பட்டது.

முறையை அரசு நிலையத்தில் செய்துகாட்டிய பின்னர், அதைத் தொழிலாக நடத்துவதைக் கரையோர மக்களிடமே விட்டுவிட வேண்டும் என்பது நிக்கல்சனின் கொள்கை. தானூரில் சோதனை நிலையம் இயங்கியது. 1909ஆம் ஆண்டையொட்டிய ஆண்டுகளில் முதல் சில ஆலைகள் தோன்றின. ஒரு பத்தாண்டு முடிவதற்குள் மேற்குக் கடற்கரையில் அவற்றின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டிவிட்டது. ஆலை என்று அழைக்கப்பட்டாலும் அவற்றுள் பல, ஓலைக் கொட்டகையும் சில கொப்பரைகளும் இரண்டொரு அழுத்திகளும் மட்டுமே கொண்டவை. இலங்கையின் தோட்டங்களுக்கு மீன் எரு ஏற்றுமதியாயிற்று. எண்ணெய், தோல் பதனிடுதல், சணல் ஆலைகள், தோணிகளுக்குப் பூசுதல் போன்றவற்றுக்குப் பயன்பட்டது.

எண்ணெயில் மலிவான வகைகளுக்குப் பயன் தேடியபோது சோப்புத் தயாரிப்புத் தொடங்கியது. 1914ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இம்முயற்சி பின்னர் கோழிக்கோட்டுக்கு மாற்றப்பட்டு, கேரளா சோப் நிறுவனமாக வளர்ந்தது. பயிர்களைத் தாக்கும் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு எதிராக மீனெண்ணெய் சோப்புக் கரைசலைத் தெளிக்கும் வழக்கமும் பரவியது. தமிழக உழவர்கள் மாவுப்பூச்சிக்கு இன்றும் தெளிக்கும் மீனெண்ணெய் ரோசின் சோப்பு இதே வகையைச் சேர்ந்ததாகும்.

மத்தியை எண்ணெயில் இட்டுத் தகரத்தில் அடைக்கும் முயற்சி பேப்பூர், சாலியம் ஆகிய இடங்களில் நடந்தது. தரத்தில் அது குறைந்ததன்று. எனினும் தகரத்தின் விலை மீனின் விலையை விட மிகுதியாக இருந்ததால், இத்தொழில் எண்ணெய்த் தொழிலைப் போல மக்களிடையே பரவவில்லை.

கொள்கையும் எதிர்ப்பும்

அக்காலத்தில் நீராவி இழுவைப் படகுகளைக் கொண்டுவந்து பெருமுதலாளிகளிடம் கடலை ஒப்படைத்தால் மீன்பிடித் தொழில் வளரும் என்று கருதியோர் இருந்தனர். நிக்கல்சன் இதை ஏற்கவில்லை. மீனவனிடம் இருக்கும் தோணி, வலை, திறமை ஆகியவற்றிலிருந்தே படிப்படியாக முன்னேற வேண்டும் என்றும், தொழில் வளர்ந்து மீனவன் கூலியாளாக மாறினால் அது வளர்ச்சி ஆகாது என்றும் அவர் கருதினார். துறையில் உதவி இயக்குநராக இருந்த வி. கோவிந்தன் மேற்குக் கரை மீனவர்களிடையே இக்கருத்துகளைக் கொண்டுசென்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர். மீனவர் குழந்தைகளுக்கான பள்ளிகள், குடிப்பழக்க எதிர்ப்பு, சிக்கனச் சங்கங்கள் ஆகியவையும் துறையின் வேலையாகவே கொள்ளப்பட்டன. மீனவர் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிலையம் 1918ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் ஏற்பட்டது.

இக்கொள்கை எல்லா இடத்திலும் வென்றது என்று கூற இயலாது. கொப்பரைக்கும் அழுத்திக்கும் தேவையான முதல், மீனவனிடம் பெரும்பாலும் இல்லை. ஆதலால் ஆலைகளுள் ஒரு பகுதி கருவாட்டு வணிகர்களின் கைக்குச் சென்றது. இன்னொரு குறை அடிப்படையானது. உண்ணத்தக்க மீனை எருவாக மாற்றுவது தகுமா என்ற வினா அக்காலத்திலேயே எழுந்தது. மீதமாகும் மீனை மட்டுமே எருவாக்க வேண்டும் என்பதே நிக்கல்சனின் நோக்கம். மக்களுக்கு மலிவான உணவு கிடைப்பதே துறையின் முதற்கடமை என்பதை அவர் தொடர்ந்து எழுதிவந்தார். ஆனால் ஆலைகள் பெருகியபின் அவற்றுக்குத் தொடர்ந்து மீன் தேவைப்பட்டது. மத்தியோ ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறியிறங்கும் மீன். 1940களில் மத்தி வரத்துப் பெரிதும் குறைந்தபோது ஆலைகள் முடங்கின. சென்னை அரசு 1943ஆம் ஆண்டில் இளம் மத்திகளைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. வீழ்ச்சிக்கு மிகையான மீன்பிடிப்புக் காரணமா, கடலின் இயல்பான மாற்றம் காரணமா என்பது ஆய்வாளர்களிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. இக்கட்டுப்பாட்டைக் காண நிக்கல்சன் உயிருடன் இல்லை.

உள்நாட்டு மாவட்டங்கள்

கடற்கரை இல்லாத மாவட்டங்களுக்கு மீன் கருவாடாகவே சென்றது. சேலம், தருமபுரி போன்ற மேட்டுநிலப் பகுதிகளின் சந்தைகளுக்கு வரும் கருவாடு, சரியாக உப்பிடப்படாவிட்டால் வழியிலேயே கெட்டுவிடும். மீனைக் கடற்கரையிலேயே குடல் நீக்கி, மணல் படாமல் உலர்த்த வேண்டும் என்று நிக்கல்சன் வற்புறுத்தியதன் பயன் இத்தகைய தொலைதூர ஊர்களுக்கே உரியது.

நன்னீர் மீன்வளமும் துறையின் பொறுப்பில் இருந்தது. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின், அதன் நீர்ப்பரப்பு தருமபுரி மாவட்டத்தின் பெண்ணாகரம் வட்டம் வரை விரிந்தது. காவிரியில் இயல்பாக வாழாத கட்லா போன்ற கெண்டை மீன்கள் பின்னர் இங்கு நிலைபெற்றன. ஒகேனக்கல் ஆற்றங்கரையில் மீனை வெட்டிப் பொரித்து விற்கும் தொழில் இன்றும் பலருக்கு வாழ்வளிக்கிறது.

பிற்கால வளர்ச்சி

மீனை வெட்டித் தூய்மை செய்யும்போது தலை, குடல், செதில், முள் எனப் பெரும் பகுதி கழிவாகிறது. சில மீன்களில் இது எடையில் ஏறக்குறைய பாதியாகும். நிக்கல்சன் காலத்தில் இக்கழிவிலிருந்து பெற முடிந்தவை எண்ணெயும் எருவும் மட்டுமே. நொதியங்களைத் தொழிலில் பயன்படுத்தும் எண்ணம் அப்போதுதான் அரும்பியிருந்தது. சென்னையில் மீன்வளப் பிரிவு தோன்றிய அதே 1907ஆம் ஆண்டில் செருமனியில் ஓட்டோ ரோம், ஓட்டோ ஆசு ஆகியோர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். தோலை மென்மையாக்க அதுவரை நாய்ச் சாணமும் பறவை எச்சமும் பயன்பட்டுவந்தன. அவற்றுக்கு மாற்றாக, இறைச்சிக் கூடங்களில் கழிவாகும் கணையத்திலிருந்து பெற்ற நொதியத்தை அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மீன் கழிவிலிருந்தும் நொதியங்களைப் பிரித்தெடுக்க முடியும் என்பது பிற்காலத்தில் நிறுவப்பட்டது. குளிர்ந்த கடல்களில் வாழும் காட் மீனின் குடலிலிருந்து பெறப்படும் திரிப்சின், குறைந்த வெப்பநிலையிலும் செயற்படுவதால் தனிச்சிறப்புடையது. இரைப்பையிலிருந்து பெறப்படும் பெப்சின், மீன் முட்டைகளை அவற்றைச் சூழ்ந்த சவ்விலிருந்து பிரிக்கவும், தோலிலிருந்து செதில்களை நீக்கவும் பயன்படுகிறது. உறைந்த இறாலை உருக்கும் நீரிலிருந்து பெறப்படும் ஒரு நொதியம் மரபணு ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. தோல் மயிர் நீக்கல், சலவைத் தூள் ஆகியவற்றுக்கு மீன் குடல் நொதியங்களைப் பயன்படுத்துவது குறித்து இந்தியாவிலும் ஆய்வுகள் நடந்துள்ளன. நுண்ணுயிர்களிலிருந்து பெறும் நொதியங்கள் மலிவாகக் கிடைப்பதும், மீன் கழிவு வெப்ப நாடுகளில் விரைந்து கெடுவதும் இத்துறையின் முதன்மைத் தடைகளாகும்.

நொதியத்தைப் பிரித்தெடுக்காமல் அதன் செயலை மட்டும் பயன்படுத்தும் முறை தமிழக இயற்கை உழவர்களிடையே பரவலாக உள்ளது. மீன் கழிவுடன் சம எடை வெல்லத்தைக் கலந்து, மூடிய கலனில் சில வாரங்கள் வைத்தால் சதை கரைந்து தேன் போன்ற நீர்மமாகும். மீன் அமினோ அமிலம் எனப்படும் இதை மிகுந்த நீரில் கலந்து பயிர்களுக்குத் தெளிக்கின்றனர். வெல்லம் அழுகலைத் தடுக்க, மீனின் நொதியங்கள் புரதத்தைச் சிதைக்கின்றன. மலபார்த் தோணிகளில் கட்டுப்பாடின்றி நிகழ்ந்த அதே மாற்றமே இங்குக் கட்டுப்பாட்டுடன் நிகழ்கிறது. கடலில்லாத மாவட்டங்களிலும் மீன் கடைக் கழிவைக் கொண்டு இதைச் செய்ய முடிகிறது.

இறுதிக் காலம்

1918ஆம் ஆண்டில் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகிய பின் நிக்கல்சன் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. நீலகிரியின் குன்னூரிலேயே வாழ்ந்து, 1936ஆம் ஆண்டில் காலமானார். மீன் பதப்படுத்தல், மீனெண்ணெய், மீன் எரு, கூட்டுறவு ஆகியவை பற்றிய அவரது கட்டுரைகள் சென்னை மீன்வளத் துறையின் வெளியீடுகளில் தொகுக்கப்பட்டுள்ளன. தஞ்சாவூரிலுள்ள நிக்கல்சன் கூட்டுறவு நகர வங்கி அவரது பெயரைத் தாங்கியுள்ளது.